முறித்த பின்

வடசேரியில் பதினோராயிரத்துக்கு வாங்கிய ஆம்ப்.
வால்வு வைத்தது, பழையது,
எடையில் ஒரு நல்ல சூரை.
கொட்டில்பாட்டுப் பேருந்தில் ஏற்றியபோது
கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

பாடகர் குழு அறையில் போட்டதும் இரைந்தது.
யாரும் தந்தியைத் தொடாதபோதும்
வள்ளம் இறக்குமுன் எஞ்சின் சூடேறுவதுபோல
ம்ம்ம் என்று.
"இந்தச் சத்தத்தோட பூசைக்கு வாசிக்க ஏலாது"
என்றார் கீபோர்டு ததேயு.

பிளக்கைப் பார்த்தேன்.
கீழே இரண்டு கால் வேலை செய்ய
மேலே தடித்தது ஒன்று
சம்பளம் வாங்கும் மேஸ்திரிபோல நின்றது.
குறடால் பிடித்து முறித்தேன்.
இரைச்சல் நின்றது.
கைதட்டினார்கள்.
தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன்.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை.
நாலு கல்யாணம், ஒரு நாற்பதாம் நாள்,
எல்லா ஞாயிறும்.

கொடியேறிய எட்டாம் நாள் சாரல் அடித்தது.
மேடைக்குமேல் தார்ப்பாய், கீழே நனைந்த கயிற்றுப்பாய்.
ஜெனிட்டா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்
இடது கை தந்திமேல்
வாய் மைக்கருகில்
"எல்லா" என்றாள்.
"ருக்கும்" வரவில்லை.
உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவே
நீலமாய் ஒரு பொட்டு.

கூட்டம் அதை டமாரம் என்று நினைத்தது.
நான் அவளைப் பிடிக்க ஓடினேன்
"தொடாதல!" என்று மிக்சருக்குப் பின்னாலிருந்து கத்திய சுபின்
மெயினை அடித்து இறக்கினான்.
கடல் இரைச்சல் மட்டும் மிச்சமிருந்தது
அதுவரை அது இருந்ததே எனக்குத் தெரியாது.

கொசு கடித்த அளவுக்குத்தான் உதட்டில் காயம்.
சீரான ஓட்டம்தான் என்றார்கள் நெஞ்சில்,
குளச்சலில் இசிஜி எடுத்துப் பார்த்து.
வாயின் ஒரு ஓரத்தால் சாயா குடித்தபடி
ஜெனிட்டா கேட்டாள்,
"பின்னை யாரு முறிச்சது?"
"வாங்கும்போதே அப்படித்தான்" என்றேன்.
சாயா ஆறும்வரை என்னைப் பார்த்தாள்.

இரண்டு வாரம் கழித்து
பிக் தேடி என் பைக்குள் கைவிட்டவளுக்கு
வேறொன்று கிடைத்தது.
பித்தளை. பிக்கைவிடச் சிறியது.
ஏன் எறியாமல் வைத்திருந்தேன்
இப்போதும் சொல்லத் தெரியவில்லை.
அவள் ஒன்றும் கேட்கவில்லை
மறுநாள் மண்வெட்டியோடு வந்தாள்.

கோவிலின் வடக்குச் சுவரோரம்
எட்டடி ஆழம்
ஒரு குழாய், இரண்டு சாக்கு கரி.
கடலிலிருந்து நூறடியில் நின்றுகொண்டு
உப்பைக் காசு கொடுத்து வாங்கினோம்.
வெட்டியது முழுக்க நான்.
புதுப் பிளக், புதுக் கம்பி, ஒரு ட்ரிப்பர் எல்லாம் சுபின்.
ஆம்பின் பின்பலகையை நான் திறக்கப்போனபோது
கையைத் தட்டிவிட்டான்:
"ஊரினாலும் உள்ளே முந்நூறு வோல்ட்டு
ஒறங்காமக் கெடக்கும்."

ஆம்பும் மிக்சரும் இரு வேறு சுவர்களில் குடித்துக்கொண்டிருந்தன
அதுதான் அந்த இரைச்சல்.
ஒரே போர்டில் செருகியதும் முக்கால்வாசி போயிற்று.
கால்வாசி இருக்கிறது.

இப்போது ஒவ்வொரு ஒத்திகைக்கும் முன்
முளைக்காத குழாய்க்கு
ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுகிறாள்.
பிறகு டெஸ்டரால் மைக்கைத் தொட்டு, தந்தியைத் தொட்டு
எரியாத பல்பைக் கொஞ்சநேரம் பார்க்கிறாள்.
மழையென்றால் வெறும் கிட்டார்தான்
பங்குத்தந்தை கேட்டாலும்.

உதட்டில் தழும்பு இல்லை.
மைக்குக்கும் வாய்க்கும் நடுவே
இரண்டு விரல் இடம் இருக்கிறது.
மன்னிப்பை எந்தப் பாட்டுக்கு நடுவில் கேட்பதென்று
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கால்வாசி இரைச்சலையும்
அடக்கிவிடலாம் என்கிறார் ததேயு.
"கெடக்கட்டும்" என்கிறாள்.
அது ஏறக்குறைய ஜி,
ஒரு துளி கூடுதல்.
காதைச் சாய்த்து
மூன்றாம் தந்தியை அதற்கேற்ப முறுக்குகிறாள்.